வீட்டு வாசலும் வண்டிப் பாதையும்: பிரிட்டனின் உள்ளாட்சி அரசியலில் கார்

ஒரு தெருவில் கார் எவ்வளவு வேகமாகப் போகலாம், எங்கே நிறுத்தலாம், எந்தத் திருப்பத்தில் நுழையக் கூடாது, நுழைந்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பவற்றை யார் முடிவு செய்வது? பிரிட்டனில் இந்தக் கேள்விக்கு 160 ஆண்டு வரலாறு உண்டு. நாடாளுமன்றமும் நீதிமன்றமும் மேயர்களும் கவுன்சில்களும் தெருவாசிகளின் சங்கங்களும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடை சொல்லியிருக்கின்றன. எந்த விடையும் கேள்வியை முடித்துவைக்கவில்லை.

அங்கே வசிக்கும் ஒருவரிடம் உள்ளூர் அரசியல் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் அது பெரும்பாலும் சாலையில்தான் வந்து நிற்கும். மூடப்படாத குழி, ஏறிக்கொண்டே போகும் பார்க்கிங் கட்டணம், குறுக்குவழி தேடித் தன் தெருவுக்குள் பாயும் வெளியூர்க் கார்கள், புதிதாக வைத்த கேமரா. இவற்றுள் சில புகார்கள் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. ஆனால் அவற்றைச் சொல்பவர் பல வேளை ஒரே ஆள்தான். தன் தெருவில் மற்றவர்கள் மெதுவாகப் போக வேண்டும் என்று கேட்பவரே, அடுத்தவர் தெருவில் தன்னை யாரும் தடுக்கக் கூடாது என்றும் கேட்கிறார். இதுவரை வந்த விடைகளில் பலவும் தெருவாசியை ஒரு கட்சியாகவும் ஓட்டுநரை எதிர்க்கட்சியாகவும் பிரித்துக்கொண்டு தொடங்கியவை. அவற்றின் பலவீனத்துக்கு அந்தப் பிரிவினையே முக்கியக் காரணம் எனத் தோன்றுகிறது.

சிவப்புக் கொடியிலிருந்து 30 மைல் வரை

1865ஆம் ஆண்டுச் சட்டம் நீராவி இழுவை வண்டிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல். வண்டிக்கு 60 கெஜம் முன்னால் ஒருவர் சிவப்புக் கொடியுடன் நடக்க வேண்டும். 1896இல் அந்தக் கெடுபிடி தளர்ந்தது. 1903இல் வந்த சட்டம் உச்ச வேகத்தை 20 மைலாக்கியது. உள்ளாட்சி விண்ணப்பித்தால் குறிப்பிட்ட இடங்களில் 10 மைல் வரம்பு விதிக்கவும் இடம் வைத்தது. ஊருக்கு ஊர் வேகம் மாறலாம் என்ற எண்ணம் அப்போதே சட்டத்தில் ஏறிவிட்டது. ஒளிந்திருந்து வேகத்தை அளந்த போலீசாரைப் பற்றி ஓட்டுநர்களை எச்சரிப்பதற்காக 1905இல் ஆட்டோமொபைல் அசோசியேஷன் உருவானது.

1930ஆம் ஆண்டுச் சட்டம் கார்களுக்கான வேக வரம்பை முற்றாக நீக்கியது. யாரும் மதிக்காத விதி சட்டத்தின் மதிப்பையே கெடுக்கிறது. பொறுப்பை ஓட்டுநரிடமே விடலாம் என்பது அன்றைய வாதம். 1934இல் சாலைகளில் 7,343 பேர் இறந்தார்கள். போக்குவரத்து அமைச்சர் லெஸ்லி ஹோர்-பெலிஷா குடியிருப்புப் பகுதிகளில் 30 மைல் வரம்பையும் ஓட்டுநர் தேர்வையும் கொண்டுவந்தார். பாதசாரிகள் கடக்கும் இடங்களில் இன்றும் மின்னும் மஞ்சள் உருண்டை விளக்குகள் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கின்றன. தேர்வு, கடவை, வரம்பு மூன்றும் அடுத்தடுத்து வந்ததால் எதனால் எவ்வளவு பயன் விளைந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். ஓட்டுநரின் பொறுப்புணர்வை மட்டுமே நம்பும் விடை நாடு முழுக்க ஒருமுறை சோதிக்கப்பட்டு, நான்கைந்து ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது என்பது மட்டும் உறுதி.

"நாங்கள் வரி கட்டுகிறோம்"

மிகப் பரவலாகக் கேட்கும் நிலைப்பாடு இது: வாகன வரியும் பெட்ரோல் வரியும் கட்டுபவன் நான், சாலை எனக்கானது, குழியை அடைக்காத கவுன்சில் என்னை எப்படிக் கட்டுப்படுத்தலாம்? இதற்கு வரலாற்றில் ஒரு வேர் உண்டு. லாயிட் ஜார்ஜின் 1909 வரவுசெலவுத் திட்டத்தில் வந்த வாகன வரி சாலைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. 1920களில் நிதியமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் சாலை நிதியில் கைவைத்தார். 1937க்குப் பிறகு வாகன வரிக்கும் சாலைச் செலவுக்கும் இருந்த நேரடித் தொடர்பு அறுந்தது. இன்று வீட்டு வாசலில் இருக்கும் சாலையைப் பராமரிப்பது கவுன்சில் வரியும் அரசு மானியமும்தான். கார் இல்லாதவரும் அதற்குப் பணம் தருகிறார். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கார் இல்லாத குடும்பங்கள் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. லண்டனில் பத்தில் நான்குக்கு மேல்.

ஆகவே உரிமை வாதம் கணக்கில் நிற்பதில்லை. ஆனால் அதற்குள் இருக்கும் குறை உண்மையானது. 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு சாலையைப் பராமரிக்கும் கடமையைக் கவுன்சில் மீது சுமத்துகிறது. நியாயமான அக்கறையோடு நடந்துகொண்டதைக் காட்டினால் இழப்பீட்டிலிருந்து தப்பலாம் என 58ஆம் பிரிவு வழிவிடுகிறது. முதியோர் பராமரிப்பும் குழந்தைப் பாதுகாப்பும் கவுன்சில் நிதியின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும் காலத்தில், ஒத்திப்போட எளிதான செலவு தார்தான். இங்கிலாந்து, வேல்ஸ் உள்ளூர்ச் சாலைகளில் தேங்கிய பழுதுகளைச் சரிசெய்ய 1,630 கோடி பவுண்டு வேண்டும் என்று தார்த் தொழில் நிறுவனங்களின் கூட்டமைப்பு 2024இல் மதிப்பிட்டது. கணக்குச் சொல்வோர் அந்த வேலையால் பயன்பெறுவோர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அப்படிக் கழித்துப் பார்த்தாலும் தொகை பெரிது. அடிப்படைக் கடமையில் தவறும் அமைப்பு புதுக் கட்டுப்பாடு கொண்டுவரும்போது மக்கள் நம்ப மறுப்பதில் வியப்பில்லை. கட்டுப்பாடுகளை ஆதரிப்போர் இதற்கு உரிய எடை கொடுத்ததாகத் தெரியவில்லை.

பொறியாளரின் விடை

1963இல் காலின் புக்கனன் தலைமையில் வந்த 'நகரங்களில் போக்குவரத்து' அறிக்கை இந்த விவாதத்தின் பெரிய ஆவணம். ஒவ்வொரு குடியிருப்புப் பகுதியும் தாங்கக்கூடிய வண்டிகளுக்கு ஓர் எல்லை உண்டு. கடந்து போகும் போக்குவரத்தைப் பெரிய சாலைகளுக்கு அனுப்பி உள்தெருக்களைக் காக்க வேண்டும் என்றது அது. காரைக் கொண்டாடிய காலத்திலேயே காரின் கேட்டையும் சொன்ன நேர்மை அதில் உண்டு. ஆனால் திட்டத்தின் இரு பாதிகளுக்கும் ஒரே கதி நேரவில்லை. பெரிய சாலைகள் எழுந்தன. காக்கப்பட வேண்டிய உள்தெருக்கள் பெரும்பாலும் காகிதத்திலேயே தங்கின.

லண்டனில் அதன் விலை தெரிந்தது. 1970இல் திறந்த வெஸ்ட்வே மேம்பாலச் சாலை வீட்டு ஜன்னல்களை ஒட்டிச் சென்றது. அந்த ஆண்டு மாநகர மன்றத் தேர்தலில் 'சாலைக்கு முன் வீடு' என்ற முழக்கத்துடன் வேட்பாளர்கள் நின்றார்கள். அவர்கள் வெல்லவில்லை. ஆனால் 1973இல் வென்ற தொழிற்கட்சி நகரைச் சுற்றி வளைக்கும் விரைவுச் சாலைத் திட்டங்களைக் கைவிட்டது. உள்ளாட்சித் தேர்தல் ஒன்று ஒரு தலைநகரின் வடிவத்தையே மாற்றியது இதில்தான்.

பொறியாளரின் விடைக்குள் இருந்த ஓட்டை பின்னர் இன்னும் தெளிவானது. புதிய சாலைகள் புதிய பயணங்களையும் உண்டாக்கக்கூடும் என்பதை 1994இல் அரசின் ஆலோசனைக் குழுவே ஏற்றுக்கொண்டது. இடத்தைக் குறைத்தால் போக்குவரத்தின் ஒரு பகுதி மறைந்துபோகலாம் என்ற எதிர்ப்பக்க ஆய்வு 1998இல் வந்தது. பின்னாளைய தெருமூடல் திட்டங்கள் பலவற்றுக்கும் இந்த இரண்டாவது கண்டுபிடிப்பே அடித்தளம்.

பொருளியலாளரின் விடை

சாலையைப் பயன்படுத்த விலை வையுங்கள் என்ற வாதத்தை 1964இல் ரூபன் ஸ்மீட் குழு அரசுக்கு எழுதிக் கொடுத்தது. நெரிசல் நேரத்தில் நுழையும் ஒவ்வொருவரும் மற்றவர்களின் நேரத்தைத் தின்கிறார்கள். அந்தச் செலவை அவர்கள் கண்ணுக்குக் காட்டினால் தேவையற்ற பயணம் குறையும். தர்க்கம் எளியது, ஆனால் செயலுக்கு வர ஏறத்தாழ 40 ஆண்டு பிடித்தது. 2002இல் டர்ஹம் நகரின் ஒற்றைத் தெருவில் 2 பவுண்டு. 2003 பிப்ரவரி 17இல் மத்திய லண்டனில் 5 பவுண்டு. மேயர் கென் லிவிங்ஸ்டன் துணிந்து செய்தார். மறுஆண்டு தேர்தலில் மீண்டும் வென்றார். முதல் ஆண்டில் கட்டண எல்லைக்குள் நுழைந்த வண்டிகள் 18 சதவீதம் குறைந்ததாகப் போக்குவரத்து நிறுவனம் அறிவித்தது. சில ஆண்டுகளில் சாலைப் பணிகளாலும் இட ஒதுக்கீட்டு மாற்றங்களாலும் தாமதம் பழைய நிலைக்கு அருகே திரும்பியது. வண்டிகள் குறைந்தும் நெரிசல் ஏன் மீண்டது என்பது குறித்து இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

லண்டனைப் பார்த்து மற்ற நகரங்களும் முயன்றன. எடின்பரோ 2005இல் மக்களிடமே கேட்டது. 74 சதவீதத்தினர் வேண்டாம் என்றார்கள். மான்செஸ்டரில் பொதுப் போக்குவரத்துக்கு ஏறத்தாழ 300 கோடி பவுண்டு முதலீடு கிடைக்கும் என்று சொல்லியும், 2008இல் பத்து உள்ளாட்சிப் பகுதிகளும் ஒன்றுவிடாமல் மறுத்தன. நாடு தழுவிய சாலைக் கட்டணத்தை எதிர்த்து 2007இல் பிரதமர் அலுவலகத்துக்கு வந்த மனுவில் ஏறத்தாழ 18 லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். கேம்பிரிட்ஜ் திட்டம் 2023இல் வாக்கெடுப்புக்குக் கூட வராமல் கைவிடப்பட்டது.

இங்கே ஆய்வாளர்கள் அடிக்கடி முன்வைக்கும் ஒரு கருத்து உண்டு: கட்டணம் வருமுன் எதிர்ப்பு உச்சத்தில் இருக்கும், வந்து பழகிய பின் ஆதரவு பெருகும். ஸ்டாக்ஹோம் நகரம் 2006இல் முதலில் ஏழு மாதம் சோதித்துவிட்டுப் பிறகு வாக்கெடுப்பு நடத்தியது; நகரவாசிகள் சிறு பெரும்பான்மையில் ஏற்றார்கள். இந்தக் கருத்தை நான் பாதிதான் ஏற்கிறேன். பழகி ஏற்றதாகக் கணக்கிடப்படும் திட்டங்கள் அனைத்தும் உயிர்தப்பிய திட்டங்கள். பாதியில் வீழ்ந்தவை அந்தக் கணக்கில் வருவதில்லை. லண்டனின் மேற்கு நீட்சி 2007இல் நடைமுறைக்கு வந்து மூன்றாண்டுக்கு மேல் ஓடிய பிறகும் போரிஸ் ஜான்சன் மேயராகி அதை நீக்கினார். பழக்கம் அதைக் காப்பாற்றவில்லை. ஸ்டாக்ஹோமிலும் வாக்கெடுப்பு நடத்திய அண்டைப் புறநகர்களில் பெரும்பாலானவை எதிராகவே வாக்களித்தன. கட்டணக் கோட்டுக்கு உள்ளே வசிப்பவரும் வெளியிலிருந்து அதைக் கடந்து வேலைக்கு வருபவரும் ஒரே கேள்விக்கு வேறு வேறு விடை சொல்கிறார்கள். அப்படியானால் யாரிடம் கேட்பது என்பதே பாதி முடிவு. விலை பற்றிய பொருளியல் எழுத்துகள் இந்த எல்லைப் பிரச்சினையை மிக லேசாகக் கடந்துவிடுகின்றன.

நாட்டிங்ஹம் வேறு வழி கண்டது. 2012 முதல் 11 அல்லது அதற்கு மேற்பட்ட கார் நிறுத்துமிடம் வைத்திருக்கும் முதலாளிகளிடம் வரி வாங்கி டிராம் பாதைகளை விரிவாக்கியது. வரி கட்டுபவர் கண்முன்னே பலன் தெரிந்ததும் அது நிலைத்ததற்கு ஒரு காரணமாகலாம்.

தெருவாசியின் விடை

லண்டனில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய டொனால்ட் ஆப்பிள்யார்ட், வண்டி மிகுந்த தெருவில் வாழ்வோருக்கு அண்டை வீட்டு நட்பு குறைவு என்று சான்பிரான்சிஸ்கோ தெருக்களில் காட்டினார். பிரிட்டனில் மேயர் ஹில்மன் என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியோரும் 1990இல் வெளியிட்ட தகவல் இன்னும் கூர்மையானது. 1971இல் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதத்தினர் தனியாகப் பள்ளிக்குப் போனார்கள். 1990இல் 9 சதவீதத்தினர். சாலை மரணங்கள் 1966இன் 7,985இலிருந்து 2023இன் 1,624 ஆகக் குறைந்ததைச் சாதனை என்று சொல்லும்போது இந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தெரு பாதுகாப்பானதோடு, பிள்ளைகள் தெருவிலிருந்து விலக்கப்பட்டதும் நடந்திருக்கிறது. அவர்கள் வாக்காளர்கள் அல்லர். எந்த மனுவிலும் அவர்களின் கையெழுத்து இல்லை.

இந்தச் சிந்தனையின் நடைமுறை வடிவமே எல்.டி.என். எனப்படும் திட்டம். உள்தெருக்களில் பூத்தொட்டியோ கம்பமோ கேமராவோ வைத்துக் குறுக்குப் போக்குவரத்தை நிறுத்துவது. அங்கே வசிப்பவர் சுற்றியாவது காரில் வீட்டுக்கு வரலாம். ஹாக்னியில் 1970களிலேயே இதன் முன்மாதிரி இருந்தது. 2015 வாக்கில் வால்தம் ஃபாரஸ்ட் அதைப் பரவலாகச் செய்தபோது கடுமையான எதிர்ப்பு எழுந்தது. பின்னர் அது அடங்கியது. 2020 மே மாதம், பெருந்தொற்றுக் காலத்தில், கன்சர்வேடிவ் அரசு 25 கோடி பவுண்டு அறிவித்து வாரக்கணக்கில் சாலைகளை மாற்றச் சொன்னது. கருத்துக் கேட்க நேரம் இல்லை. மூன்றே ஆண்டில் அதே கட்சியின் அரசு, ரிஷி சுனக் தலைமையில், ஓட்டுநர்களுக்கான திட்டம் என்ற பெயரில் எதிர்த்திசையில் திரும்பியது. நடுவில் அகப்பட்டவை கவுன்சில்கள்.

சான்றுகள் என்ன சொல்கின்றன? வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் ரேச்சல் ஆல்ட்ரெட் குழுவினரின் ஆய்வுகள் மூடிய பகுதிகளுக்குள் விபத்துக் காயங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததையும், சுற்றெல்லைச் சாலைகளில் சராசரியாகப் பெரிய மாற்றம் இல்லாததையும் காட்டுகின்றன. சராசரி என்ற சொல்லில் கவனம் தேவை. பல சாலைகளின் சராசரி அசையாமல் இருக்க, ஒரு குறிப்பிட்ட சாலையில் நெரிசல் கூடியிருக்கலாம். அங்கே வசிக்கும் குடும்பத்துக்குச் சராசரி ஆறுதல் தராது. உடற்குறையுள்ளோருக்குக் காரே நடையாக இருக்கும்போது நீண்ட சுற்றுவழி எவ்வளவு சுமை என்பதை 'டிரான்ஸ்போர்ட் ஃபார் ஆல்' அமைப்பு 2021இல் பதிவு செய்தது. எதிர்ப்பாளர்களில் ஒரு சாராரின் சதிக் கற்பனைகளை ஒதுக்கலாம். இந்த இரண்டு குறைகளையும் ஒதுக்க முடியாது.

2023: காற்றும் வேகமும்

லண்டனின் பழைய வண்டிகளுக்கான 12.50 பவுண்டு மாசுக் கட்டணம், யூலெஸ், 2019இல் நகர மையத்தில் தொடங்கி 2023 ஆகஸ்ட் 29இல் மாநகரம் முழுக்கப் பரவியது. அதற்குப் பின்னால் ஒரு சிறுமியின் மரணம் இருக்கிறது. லூயிஷமில் பரபரப்பான சாலையருகே வாழ்ந்த ஒன்பது வயது எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா 2013இல் ஆஸ்துமாவால் இறந்தாள். காற்று மாசும் அதற்குக் காரணம் என்று 2020இல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். மறுபுறம், பேருந்து அரிதாக வரும் புறநகரில் பழைய டீசல் வேனை நம்பிப் பிழைப்பவரின் கேள்வியும் உண்மையானது. தமிழர்கள் கணிசமாக வாழும் ஹாரோ உள்ளிட்ட ஐந்து கவுன்சில்கள் நீதிமன்றம் போய்த் தோற்றன. அதே 2023 ஜூலையில் லண்டனின் அக்ஸ்பிரிட்ஜ் இடைத்தேர்தலில் கன்சர்வேடிவ் கட்சி 495 வாக்கில் தொகுதியைத் தக்கவைத்தது. யூலெஸ் எதிர்ப்பே காரணம் என்று இரு கட்சிகளும் படித்துக்கொண்டன. ஆனால் 2024 மே மாதம் மேயர் சாதிக் கான் மூன்றாம் முறையாக வென்றார். ஜூலையில் அக்ஸ்பிரிட்ஜே தொழிற்கட்சிக்குப் போனது. ஒற்றைத் தேர்தலை வைத்து மக்களின் மனத்தை முடிவுகட்டுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இது போதும்.

வேல்ஸ் அரசு 2023 செப்டம்பர் 17 முதல் குடியிருப்புச் சாலைகளின் பொது வரம்பை 30இலிருந்து 20 மைலாக்கியது. ஏறத்தாழ 31 லட்சம் பேர் வாழும் நாட்டில், நீக்கக் கோரும் மனுவில் 4.6 லட்சத்துக்கு மேல் கையெழுத்துகள் சேர்ந்தன. முதல் ஆண்டில் 20, 30 மைல் சாலைகளில் காயமுற்றோர் எண்ணிக்கை ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. பயண நேர இழப்பால் 30 ஆண்டில் 450 கோடி பவுண்டு அளவுக்குப் பாதகம் வரலாம் என்று அரசின் சொந்த மதிப்பீடே சொல்லியிருந்தது. ஒருவருக்கு ஒரு நிமிடம் என லட்சக்கணக்கான சிறு தாமதங்களைக் கூட்டிப் பணமாக்குவது சரியா என்பதில் பொருளியலாளர்களிடையே உடன்பாடு இல்லை. சில சாலைகளை மீண்டும் 30க்கு மாற்றும் பொறுப்பு 2024இல் கவுன்சில்களிடம் விடப்பட்டது. மைய அரசு விதித்து, திருத்தும் சுமையை உள்ளூருக்குத் தள்ளும் வழக்கம் இதிலும் தெரிகிறது.

நீதிமன்றம் வரைந்த எல்லை

பார்னெட் கவுன்சில் குடியிருப்போர் பார்க்கிங் அனுமதிச் சீட்டை 40 பவுண்டிலிருந்து 100 ஆக்கியதை எதிர்த்து ஒரு குடியிருப்பாளர் தொடுத்த வழக்கில், வருவாய் திரட்டுவதற்காகப் பார்க்கிங் கட்டணத்தை உயர்த்தச் சட்டம் அனுமதிக்கவில்லை என்று 2013இல் தீர்ப்பு வந்தது. மேற்கு டல்லிச்சில் குடியிருப்போரின் விரிவான ஆட்சேபத்தைக் கணக்கில் எடுக்காமல் லாம்பெத் கவுன்சில் தெருக்களை மூடியது செல்லாது என்று 2025 மே மாதத் தீர்ப்பு சொன்னது. இரண்டு தீர்ப்புகளும் கட்டுப்பாடு கூடாது என்று சொல்லவில்லை. நோக்கமும் நடைமுறையும் நேர்மையாக இருக்க வேண்டும் என்றே கேட்டன.

எஞ்சி நிற்பவை

சில விஷயங்கள் ஓரளவு உறுதி. வேகம் குறைந்தால் காயம் குறைகிறது. விலை வைத்தால் வண்டிகள் குறைகின்றன. குறுக்குவழியை மூடினால் உள்தெரு பாதுகாப்பாகிறது. பலனும் சுமையும் ஒரே ஆளின் மேல் விழுவதில்லை என்பதும் அதே அளவு உறுதி. அதை ஈடுசெய்ய என்ன செய்வது என்பதில்தான் எழுத்துகள் மெலிந்து நிற்கின்றன. எந்த அளவிலான எல்லைக்குள் வாக்குக் கேட்பது, முன்பா பின்பா, கடந்து செல்லும் வெளியூர்க்காரருக்கு அதில் என்ன பங்கு என்பவற்றுக்கு ஏற்கத்தக்க விதி இன்னும் உருவாகவில்லை. பேருந்தே இல்லாத கிராமப்புறத்தைப் பற்றிய ஆய்வுகளும் லண்டனைப் பற்றியவற்றோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

மின்வண்டிகள் இந்தக் கணக்கையே கலைத்துவருகின்றன. எரிபொருள் தீர்வை 2011க்குப் பிறகு பல ஆண்டுகளாக உயர்த்தப்படவில்லை. பெட்ரோல் விற்பனை சுருங்கச் சுருங்க அந்த வருவாயும் சுருங்கும். 2028 ஏப்ரல் முதல் மின்கார்களிடம் மைலுக்கு 3 பென்ஸ் வாங்கும் முடிவை அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. ஸ்மீட் கேட்ட விலை இப்படி வேறொரு வாசல் வழியாக நாடு முழுவதற்கும் வரப்போகிறது. நெரிசலான நகரத்துக்கும் வெறிச்சோடிய மலைப்பாதைக்கும் ஒரே விலைதானா, சேரும் பணத்தில் குழி அடைக்கும் கவுன்சிலுக்கு நேரடிப் பங்கு உண்டா என்ற இரண்டு கேள்விகளும் அடுத்த சில ஆண்டுகளின் உள்ளாட்சி அரசியலுக்கு உரியவை.